பின்னணி என்று கழித்த எண்

முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். காரணங்கள் பிறகு வரும். அவற்றை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

என் பெயர் முதலில் நிற்கும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இரண்டு வளைகோடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நான் இழுத்து நீட்டினேன். படத்தைத் தீட்டவில்லை. இல்லாத எண்ணை எழுதவில்லை. அளவீட்டில் கழிக்க வேண்டிய ஓர் எண்ணை, இரண்டு கோடுகளுக்கும் இரண்டு வேறு இடங்களில் எடுத்தேன். தெரிந்தே எடுத்தேன். அந்தக் கோட்டை நம்பி என் ஜூனியர் ஒருத்தி தன் ஆய்வுக் காலத்தைப் பறிகொடுத்தாள். அவளுக்குக் கை படியவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னவளும் நான்தான்.

மரபணுவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆய்வகத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவள் யாரென்று தெரிந்துவிடும். வேறு எதையும் மறைக்கவில்லை.

தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு நான் எதை அளந்தேன் என்று தெரிய வேண்டும்.

பழ ஈ. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தச் சின்ன ஈதான். சோள மாவும் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுக் காய்ச்சிய கூழில், 25 டிகிரியில் வைத்தால், முட்டை ஈயாகப் பத்து நாள் ஆகும். அது புழுவாக இருக்கும்போதே இறக்கைக்கான திசு உடம்புக்குள் தயாராகிக்கொண்டிருக்கும். தட்டையான ஒரு பை. ஆய்வகத்தில் டிஸ்க் என்போம். சில பத்துச் செல்களில் தொடங்கி, புழுப் பருவம் முடியும்போது பல்லாயிரம் செல்களாக வளர்ந்திருக்கும்.

அந்த டிஸ்கின் நடுவில் ஒரு பட்டைச் செல்கள் டிபிபி என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. பின்பாதியிலிருந்து வரும் ஹெட்ஜ்ஹாக் என்னும் இன்னொரு புரதம்தான் அவற்றைச் சுரக்க வைக்கிறது. டிபிபி இரு பக்கமும் பரவுகிறது. நடுவில் மிகுதி, ஓரத்தில் சொற்பம். இந்தச் செறிவுச் சரிவைத்தான் நாங்கள் கிரேடியன்ட் என்கிறோம். ஒரு செல், தான் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பதைத் தன்னைத் தொடும் டிபிபியின் அளவை வைத்தே அறிகிறது. நிறைய இருந்தால் ஸ்பால்ட் என்ற மரபணு இயங்கும். குறைவாக இருந்தாலும் ஆப்டோமோட்டர்-பிளைண்ட் இயங்கும். ஸ்பால்ட் முடிகிற ஓரத்தை ஒட்டித்தான் இறக்கையின் இரண்டாவது நரம்பு உருவாகும். சரிவு மாறினால் நரம்பும் இடம் மாற வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் காட்டிக்கொடுத்தது இதுதான்.

தண்ணீரில் சொட்டிய மை தானாகக் கலைவதுபோல டிபிபி பரவுகிறது என்று நினைத்துக்கொண்டுதான் நானும் ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். வழியில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் தலையிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. செல்லின் மேற்பரப்பில் டேலி என்றொரு புரதம், நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளோடு, டிபிபியைப் பிடித்து வைக்கிறது. திக்வெயின்ஸ் என்னும் ஏற்பி அதைப் பற்றிக்கொண்டு செய்தியை உள்ளே கடத்துகிறது. பிறகு டிபிபியையும் செல்லுக்குள் இழுத்து அழித்துவிடுகிறது. ஏற்பி மிகுந்தால் டிபிபி வழியிலேயே தீர்ந்துபோகும். செல்கள் அதற்கும் ஏற்பாடு செய்திருக்கின்றன: டிபிபி கிடைத்த செல் திக்வெயின்ஸ் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. நடுப்பகுதியில் ஏற்பி குறைவு, ஓரங்களில் அதிகம்.

2010இல் விவரிக்கப்பட்ட பென்டகோன் எனக்கு இன்னும் பிடித்தது. டிபிபியின் செய்தி வந்து சேராத ஓரச் செல்கள்தான் பென்டகோனைச் சுரக்கும். அது வெளியே பரவி, டேலியோடு சேர்ந்து, டிபிபி இன்னும் தூரம் போக வழிசெய்யும். செய்தி வந்து சேர்ந்த இடத்தில் பென்டகோன் நின்றுவிடும். திசு வளரும்போது ஓரம் விலகும். அங்கே மறுபடி பென்டகோன் சுரக்கும். இப்படித்தான் சரிவு திசுவோடு சேர்ந்து நீள்கிறது. பென்டகோன் இல்லாத ஈயில் சரிவு குறுகிக் கிடக்கும். திசு பெருத்தாலும் அதற்கு ஈடாக அது நீள்வதில்லை.

இப்படி டிபிபியின் எல்லையை வகுக்கும் புரதங்களில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் நம்பினேன். அது டிபிபியைக் கட்டுப்படுத்துகிறது. அது இல்லாவிட்டால் டிபிபி அதிக தூரம் பரவும். இது என் யோசனை. எங்கள் கைடு அவ்வளவாக நம்பவில்லை. ‘அளந்து காட்டு, பார்க்கலாம்’ என்றார். அவர் நெருக்கினார் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அவர் நெருக்கவில்லை. அவர் நம்பாததுதான் எனக்கு எரிந்தது.

எப்படி அளப்பது என்று சொல்கிறேன். புழுவைக் கிழித்து டிஸ்கை எடுப்போம். ஐஸ் மேல், உயிருள்ள திசுவில், டிபிபியில் ஒட்டும் ஆன்டிபாடியை ஊற்றினால் செல்களுக்கு வெளியே இருக்கும் டிபிபி மட்டும் ஒளிரும். கான்ஃபோக்கல் நுண்நோக்கியில் படம் எடுத்து, நடுவிலிருந்து ஓரம் வரை ஒளியின் அளவைக் குறிப்போம். ஒரு வளைகோடு கிடைக்கும். எவ்வளவு தூரத்தில் ஒளி ஏறக்குறைய 37 சதவீதமாக இறங்குகிறது என்பதுதான் அந்தச் சரிவின் நீளம்.

2007இல் அன்னா கிச்சேவாவும் சகாக்களும் ‘சயன்ஸ்’ இதழில் டிபிபிக்கு இந்த நீளம் சுமார் 20 மைக்ரோமீட்டர் என்று எழுதினார்கள். விங்லெஸ் என்னும் புரதத்துக்குச் சுமார் 6. டிபிபி எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதையும் கணித்தார்கள்: நொடிக்கு 0.1 சதுர மைக்ரோமீட்டர். 2012இல் வேறொரு குழு வேறு முறையில் அளந்து, செல்களுக்கு வெளியே எதிலும் ஒட்டாமல் திரியும் டிபிபிக்கு அது நொடிக்குச் சுமார் 20 என்றது. இருநூறு மடங்கு வித்தியாசம். ஒரே புரதம், ஒரே டிஸ்க். எதை, எப்படி அளந்தோம் என்பதைப் பொறுத்து விடை இவ்வளவு மாறுகிற துறையில், அளந்த முறையை ஒன்றுவிடாமல் எழுதி வைப்பதுதான் நாணயம். நான் எழுதியது ஒரே வரி: ‘பின்னணி ஒளி கழிக்கப்பட்டது.’

அந்த வரிக்குள்தான் எல்லாம் இருக்கிறது.

நுண்நோக்கியில் சுத்தமான இருட்டு என்று ஒன்று கிடையாது. டிபிபி இல்லாத இடத்திலும் ஆன்டிபாடி கொஞ்சம் ஒட்டும். திசுவே கொஞ்சம் ஒளிரும். அதை அளந்து மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். கூடுதலாகக் கழித்தால் வளைகோடு சட்டென்று விழும், சரிவு குறுகியதாகத் தெரியும். குறைவாகக் கழித்தால் வால் மேலேயே நிற்கும், சரிவு நீண்டதாகத் தெரியும். இது முதலாண்டு மாணவருக்குத் தெரிந்த விஷயம். நானே ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கன்ட்ரோல் ஈக்களில், அதாவது என் மரபணு மாறாத ஈக்களில், டிஸ்கின் கடைசி ஓரத்தில் பின்னணியை எடுத்தேன். அதுவே வழக்கம். அந்த மரபணு பழுதான மியூட்டன்ட் ஈக்களிலும் முதலில் அங்கேதான் எடுத்தேன். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. வித்தியாசமே இல்லை.

இரவு. கான்ஃபோக்கல் அறையில் நான் மட்டும். ஏசி சத்தம். அந்த இரண்டு கோடுகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன தோன்றியது என்பதை அப்படியே சொல்கிறேன். ‘மியூட்டன்ட்டில் டிபிபி ஓரம் வரை போய்விட்டது. ஆக, ஓரத்தில் இருப்பது பின்னணி அல்ல, டிபிபிதான். அதைக் கழிப்பது தவறு. திசுவுக்கு வெளியே, வெறும் கண்ணாடியில் எடுக்க வேண்டும்.’

இந்த வாதத்தைக் கவனியுங்கள். டிபிபி ஓரம் வரை போகிறதா என்பதுதான் கேள்வி. போய்விட்டது என்று முதலிலேயே முடிவு கட்டி, அந்த முடிவை வைத்து அளவுகோலை மாற்றி, மாற்றிய அளவுகோலை வைத்து ‘போகிறது’ என்று நிரூபித்தேன். வெறும் கண்ணாடி திசுவைவிட இருட்டு. அங்கே எடுத்தால் கழிவது குறையும். கோடு நீளும். நீண்டது. சந்தேகம் வந்திருந்தால் கன்ட்ரோலுக்கும் கண்ணாடியிலேயே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. கை மௌஸின் மேல் இருந்தது. எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கன்ட்ரோல் கோடும் அதே அளவு நீளும். அதனால்தான் எடுக்கவில்லை.

கவனக்குறைவு என்று இதைச் சொல்ல எனக்கு ஆசைதான். அன்று நான் மிகக் கவனமாக இருந்தேன்.

கட்டுரை வெளியானது. பெரிய இதழ் இல்லை, ஆனால் மதிக்கத்தக்க இதழ். கைடு ஒத்துக்கொண்டார். எனக்குப் பட்டம் கிடைத்தது. வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள்.

அவள் எனக்குப் பின்னால் சேர்ந்தவள். தமிழ் பேசுகிறவர்கள் அங்கே குறைவு. என்னை அக்கா என்றே கூப்பிடுவாள். கைடு அவளுக்கு என் வேலையின் தொடர்ச்சியைக் கொடுத்தார். சரிவு நீண்டால் நரம்புகள் விலக வேண்டும் அல்லவா? வளர்ந்த ஈயின் இறக்கையைப் பிய்த்து, ஸ்லைடில் ஒட்டி, இரண்டாவது நரம்புக்கும் ஐந்தாவது நரம்புக்கும் இடையே அளப்பது அவள் வேலை. நுணுக்கமாகச் செய்வாள். அவள் ஒட்டிய இறக்கையில் ஒரு மடிப்பு இருக்காது.

நரம்புகள் விலகவில்லை. மியூட்டன்ட் இறக்கை கன்ட்ரோல் இறக்கையைப் போலவே இருந்தது.

அவள் என்னிடம்தான் முதலில் வந்தாள். குப்பிகளில் புழுக்கள் நெருக்கமாக இருந்திருக்கும் என்றேன். நெரிசலில் வளர்ந்த ஈக்கள் சிறுத்துப்போகும் என்பது உண்மை. உண்மையான காரணங்களையே எடுத்துக் கொடுத்தேன். பொய்யாக ஒன்றும் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு ஒரு நிம்மதி வேறு. அவள் புழுக்களை எண்ணிப் போட்டு மறுபடி செய்தாள். இன்குபேட்டரின் வெப்பநிலை ஏறி இறங்கியிருக்கும் என்றேன். தெர்மாமீட்டர் வைத்து மறுபடி செய்தாள். ஈக்களின் ஸ்டாக் வேறு வகையோடு கலந்திருக்கும் என்றேன். புதிதாகக் கலப்புச் செய்து தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் புழு ஈயாக வேண்டும், ஈ முட்டையிட வேண்டும், வாரங்கள் போகும். அவள் விடுதிக்குப் போகாமல் பெஞ்சிலேயே தலை சாய்த்துத் தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு என் வேலைக்குப் போயிருக்கிறேன்.

ஒரு நாள் என் பழைய படங்களைக் கேட்டாள். கொடுத்தேன். கொடுக்க மறுத்தால் சந்தேகம் வரும். சில நாள் கழித்து மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, கன்ட்ரோலுக்கு ஓரத்துல எடுத்திருக்கீங்க. மியூட்டன்ட்டுக்கு ஏன் வெளியில எடுத்தீங்க? ரெண்டுக்கும் ஒரே இடத்துல எடுத்துப் பாக்கலாமா?”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. புரியாமல்தான் கேட்டாள். அந்த இடத்தில் நான் ‘பார்க்கலாம்’ என்று சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. “முதல்ல உன் இறக்கையை ஒழுங்கா அள. அப்புறம் என் டேட்டாவுக்கு வா” என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த வாராந்தரக் கூட்டத்தில் அவள் தன் முடிவுகளைக் காட்டினாள். வித்தியாசம் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். கைடு என்னைப் பார்த்தார். நான் எழுந்து பைகாய்ட் கதையைச் சொன்னேன். இதற்காக நான் மிகவும் வெட்கப்படுகிறேன். அந்தப் புரட்டு இரவைவிட இதற்குத்தான் அதிகம்.

பைகாய்ட் என்பது ஈயின் முட்டைக்குள் தலைப்பக்கம் மிகுந்து வால்பக்கம் குறையும் புரதம். அந்தச் சரிவை 1988இல் வுல்ஃப்காங் ட்ரீவரும் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் காட்டினார்கள். 2002இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு குழு பதப்படுத்திய கருக்களில் அதை அளந்து, கருவுக்குக் கரு பைகாய்ட் மிகவும் மாறுபடுகிறது என்றது. 2007இல் பிரின்ஸ்டனில், உயிருள்ள கருக்களில், பைகாய்டோடு ஒளிரும் புரதத்தை இணைத்து அளந்தார்கள். வேறுபாடு சுமார் 10 சதவீதம்தான் என்று வந்தது. நான் கூட்டத்தில் சொன்னது: “ஈ துல்லியமாத்தான் இருக்கு. அளக்கிற கைதான் துல்லியமா இல்ல. இவளுக்கு இன்னும் கை படியல.” யாரோ சிரித்தார்கள்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எரிக் வீஷாஸ் 1995இல் நோபல் பரிசு பெற்றவர். 2002 கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது. 2007 கட்டுரையிலும் இருக்கிறது. தன் பெயர் தாங்கிய அளவீட்டைத் தானே மறுபடி அளந்து பார்க்கும் குழுவில் அவர் இருந்தார். அந்த இரண்டு கட்டுரைகளையும் நான் படித்திருந்தேன். ஆசிரியர் பட்டியலும் தெரியும். அன்று அந்தக் கதையை எடுத்து ஒரு சின்னப் பெண்ணை அடிக்கப் பயன்படுத்தினேன்.

அவள் முனைவர் பட்டம் வாங்காமல் முதுநிலைப் பட்டத்தோடு வெளியேறினாள். கைடு எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் ‘உழைப்பாளி, ஆனால் சோதனைகளில் நிதானம் போதாது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வரியை அவருக்கு எடுத்துக் கொடுத்தது என் வாய். அவள் கிளம்பிய அன்று நான் விடுமுறையில் இருந்தேன். வேண்டுமென்றேதான் விடுமுறை எடுத்தேன்.

சில ஆண்டுகள் ஓடின. வேறொரு நாட்டு ஆய்வகம் எழுதியது. எங்கள் முடிவு தங்கள் சோதனைகளில் மறுபடி வரவில்லை, படங்களையும் கணக்கிட்ட நிரலையும் அனுப்ப முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். அப்போதுதான் கன்ட்ரோலுக்கும் மியூட்டன்ட்டுக்கும் ஒரே இடத்தில் பின்னணி எடுத்து ஓட்டினேன். முதலில் ஓரத்தில். பிறகு கண்ணாடியில். இரண்டு முறையும் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. எனக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை. புதிதாக எதையும் நான் கண்டுபிடிக்கவில்லையே.

உடனே சொன்னேனா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. அந்தச் சமயம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் பணிக்கு நேர்காணல் முடித்துவிட்டுக் காத்திருந்தேன். விண்ணப்பத்தில் முதல் கட்டுரை அதுதான். அந்த ஆய்வகத்துக்கு, பழைய கணினியில் தேட வேண்டும், கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று எழுதினேன். கோப்புகள் என் மேசைமேல் இருந்தன. நியமன ஆணை கையில் வந்த பிறகுதான் கைடுக்கு எழுதினேன். என் நேர்மை சம்பளம் உறுதியான பிறகு விழித்த நேர்மை. அந்த இடைவெளியில் அவர்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர் இதே மரபணுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. ஆக, நான் தின்றது ஒருத்தியின் காலத்தை மட்டும் இல்லை.

கைடு நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். திட்டவில்லை. “அந்தப் பொண்ணு சரியாத்தான் அளந்திருக்கா” என்று மட்டும் சொன்னார். இதழில் ஒரு திருத்தக் குறிப்பு வந்தது. அதை எழுதியதும் நான்தான். ‘பட ஆய்வில் பின்னணி நீக்கம் சீராக இல்லாததால் இரண்டாம் படத்தின் முடிவு திரும்பப் பெறப்படுகிறது’ என்று எழுதினேன். எல்லாம் செயப்பாட்டு வினை. யார் நீக்கினார்கள் என்று அதில் இல்லை. தெரிந்து செய்ததா தெரியாமல் செய்ததா என்றும் இல்லை. இதழாசிரியர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாவது முறையும் ஒரே வரிக்குள் ஒளிந்துகொண்டேன்.

அவளுக்கு எழுதினேன். நீளமாக எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லைப் பல இடங்களில் போட்டிருந்தேன். அவள் இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். பதில் சுருக்கமாக வந்தது. “தெரியும் அக்கா. உங்க படங்கள வாங்கின வாரமே ரெண்டுக்கும் ஒரே இடத்துல எடுத்துப் பாத்துட்டேன். உங்ககிட்ட கேட்டா நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேன்.”

புரியாமல் கேட்டாள் என்று மேலே எழுதினேன். இந்தப் பதில் வரும்வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாள். எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள்.

அவள் கேட்டது ஒன்றுதான். அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்களிடம் சொல்ல வேண்டும். கட்டுரையைப் பற்றி இல்லை, அவளுடைய கையைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். பெரும்பாலோர் ‘பரவாயில்லை, இதெல்லாம் நடக்கிறதுதான்’ என்று பதில் போட்டார்கள். அந்தப் பதில்களை அவளுக்கு அனுப்பவில்லை. அவற்றில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அன்று சிரித்தவர் யார் என்று எனக்குத் தெரியும். இப்போது அவர் சொந்தமாக ஓர் ஆய்வகம் நடத்துகிறார், மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் உட்காருகிறார். அவருக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. என் அடுத்த நிதி விண்ணப்பம் அவர் மேசைக்குப் போகக்கூடும் என்ற பயம்தான் காரணம். வேறு காரணம் இல்லை. இந்தப் பக்கங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அவருக்கு அனுப்புகிறேன், திருத்தக் குறிப்பின் புதிய வாசகத்தோடு. அதில் வினைக்கு எழுவாய் இருக்கிறது.